முலாம் தேய்த்த ஊசிகள்

மூக்கு வேலை செய்யாத ஒரு மனிதர் வீட்டுக்குள் அமிலம் வாங்கி வைத்தார். நடந்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. லிஃப்ட் பெட்டி எந்தத் தளத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் யோசிக்கிற ஆள் அவர். இது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய லிஃப்டுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு இப்போது தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. போர்டு போனால் லிஃப்டையே மாற்று என்பார்கள் கம்பெனிக்காரர்கள். இவர் அப்படிச் சொல்ல மாட்டார். பழைய போர்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவார். செம்புத் தகடு ஒட்டிய புது அட்டையில் அதே கோடுகளை ஒன்று விடாமல் மையால் வரைவார். பிறகு அட்டையைக் கரைசலில் போட்டு ஆட்டுவார். மை இருக்கும் இடத்தில் செம்பு நிற்கும், மற்ற இடத்துச் செம்பு கரைந்து போகும். அச்சு அசலாக இன்னொரு போர்டு கையில் இருக்கும்.

அவருடைய மனைவி தையல் வேலை செய்பவள். பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி கோட்டு என்று வெள்ளைத் துணியாகவே வந்து குவியும். மூன்றாவது மாடியில் ஒரு கூடமும் இரண்டு அறையும் உள்ள வீடு. பெரிய அறையில் ஜன்னல் பக்கம் அவளுடைய மெஷின், எதிர்ச் சுவரோரம் இவருடைய மேஜை. ஒரே ஒரு மகள். அவள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்தார்கள், அதில் எந்த வருத்தமும் இருக்கவில்லை.

முன்பெல்லாம் அவர் பயன்படுத்தியது ஃபெரிக் குளோரைடு என்ற பழுப்புக் கரைசல். அது மெதுவாகத்தான் தின்னும். தட்டை வெந்நீரில் வைத்து அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பிய தண்ணீர்போல் இருப்பதால் உள்ளே அட்டை என்ன கதியில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வாசனை பெரிதாக இல்லை, ஆனால் கறை பொல்லாதது. சிங்க், துண்டு, சட்டை, விரலிடுக்கு என்று பட்ட இடமெல்லாம் பழுப்பு. "வெள்ளைத் துணி வெச்சிருக்கிற வீட்டுல இதக் கொண்டுவந்து ஆட்டுறீங்களே, ஒரு சொட்டு தெறிச்சா யாரு பதில் சொல்றது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் தட்டுக்கு அடியில் இன்னொரு செய்தித்தாளை விரிப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. போகிற போக்கில் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. சோப்பும் சோறும் ஒன்றாகிவிட்டன. வந்தாலும் வரும், ஆறு மாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். ஆறு மாதம் போனதே தவிர மூக்கு வரவில்லை. கூடவே இன்னொன்றும் போயிருந்தது, அதற்குப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று போனில் சொன்னபோது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது என்று புரிந்தது. சந்தோஷமாக ஏதேதோ சொன்னார். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி இருக்காது. அவருக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கெமிக்கல் கடைக்குப் போனார்.

"இந்தக் கறை படியாம வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு பாட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், இன்னொரு பாட்டில் பெராக்சைடையும் எடுத்து வைத்தார். "ரெண்டையும் அளவாக் கலந்துக்குங்க. தண்ணியாட்டம் தெளிவா இருக்கும். செம்பு கரையறத உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அஞ்சு நிமிஷத்துல போர்டு ரெடி. கறை கிடையாது."

"அப்புறம் என்ன கோளாறு அதுல?"

"ஆவிதான். நெடி தாங்குவீங்களா?"

"எனக்கு மூக்கு லீவுல இருக்கு," என்றார் லிஃப்ட்காரர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

உண்மையில் அவர் அதை வாங்கியது மனைவிக்காக. கறை போகட்டும், அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினார். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

கலந்த கரைசலை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட முடியாது. செம்பைத் தின்னத் தின்ன அது பச்சையாகும், அடுத்த போர்டுக்கும் உதவும். அதனால் பாட்டிலில் ஊற்றி வைத்தார். முதல் நாள் மூடியை இறுக்கி மூடியதில் மறுநாள் பாட்டில் கன்னம் உப்பி நின்றது. உள்ளே வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும் என்று புரிந்தது. புத்திசாலித்தனமாக மூடியில் ஒரு சின்னத் துளை போட்டார். துளை போட்ட பாட்டிலை அவருடைய மேஜைக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தார். பாட்டில் வெடிக்கவில்லை, அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மனைவி சொன்னாள்: "தொண்டையெல்லாம் எரியுதுங்க. ஏதோ நெடி அடிக்குது."

அவர் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்து நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே," என்றார்.

இதைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அவளும் சிரித்தாள். "மூக்கில்லாதவர் மோந்து பார்த்துத் தீர்ப்பு சொல்றார்," என்றாள். ஆனால் அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. மூக்கு போனது அவருக்குத் தெரியும். இருந்தும் தன் மூக்கு சொல்லாத ஒன்று அறையில் இருக்க முடியும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருமல் வந்தது. மழைக்காலம் என்றார் அவர். கத்தரிக்கோல் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போடாமல் விட்டிருப்பாய் என்றார். ஜிப்புகள் நகரவில்லை. மட்டச் சரக்கு என்றார். ஒரு நாள் நாற்பது பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்து, குண்டூசி குத்தி, மறுநாள் தைக்கலாம் என்று அடுக்கி வைத்தாள். காலையில் பார்த்தால் ஒவ்வொரு காலரிலும் ஊசி குத்திய இடத்தில் இரண்டிரண்டு துருப் புள்ளிகள். நாற்பது காலரையும் பிரித்து, புதுத் துணி வெட்டி, மூன்று நாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜை மேல் வைத்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "குண்டூசி சரியில்ல. கம்பெனிய மாத்து," என்றார்.

"அந்த பாட்டில்ல இருந்துதாங்க வருது."

"உனக்குத்தான் அப்படித் தோணுது."

"நான் சொல்றது போதாதா உங்களுக்கு?"

"அளந்து பார்க்காம எப்படி ஒத்துக்கிறது?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். தொழிலில் அவர் அப்படித்தான். லிஃப்ட் ஆடுகிறது என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஆடுகிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் ஆடுகிறது என்பார். நல்ல பழக்கம்தான். அதை மனைவியின் தொண்டைக்கும் வைத்திருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. கையிலிருந்த வேலையை முடித்து, துணி கொடுப்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு வேனை வரவழைத்து மெஷினை அதில் ஏற்றினாள். அவளுடைய அண்ணன் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கே மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. துணிப் பையோடு போகிறவள் நாலு நாளில் திரும்பி வருவாள். மெஷினை எடுத்துக்கொண்டு போகிறவள் அப்படி இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வாசனை போகட்டும். வர்றேன்."

வேன் போன பிறகு அவர் ஜன்னலோரம் காலியான இடத்தைப் பார்த்தார். மேஜையை இங்கே நகர்த்தினால் வெளிச்சம் நன்றாக வரும் என்று தோன்றியது. பெண்டாட்டி போன அன்றைக்கு மனிதனுக்கு இதுவா தோன்றும் என்று கேட்டால், தோன்றியது, என்ன செய்ய. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தார். வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு போர்டின் தடிமனை அளக்க மேஜை டிராயரைத் திறந்து காலிப்பரை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகத் துடைத்து வைக்கும் கருவி அது. அதன் கவ்வும் தாடை முழுக்கப் பழுப்புப் புள்ளி. தள்ளினால் நகரவில்லை. துளை போடும் டிரில் பிட்டுகளை எடுத்துப் பார்த்தார், எஃகு ஸ்கேலை எடுத்துப் பார்த்தார். எல்லாம் துரு. தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தார். மூடியில் துளை போட்ட பச்சை பாட்டில் அங்கேதான் இருந்தது.

உடனே மனைவிக்கு போன் செய்தார்.

"நீ சொன்னது சரிதான்."

"எது?"

"வாசனை. ஆசிட் ஆவி வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. என் காலிப்பர் துருப்பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"காலிப்பர் சொல்லிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார் அவர்.

அவளை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை அவர் உணர்ந்தார் என்று சொன்னால் பொய். பசி தெரியாவிட்டாலும் மணியைப் பார்த்துச் சாப்பிடுவதைப்போல, இது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் இல்லாவிட்டால் மீதி வாழ்க்கை இப்படியே மரத்துக் கிடக்கும் என்பதும் தெரிந்தது. அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். அதை நிறைவேற்றுவது என்று கிளம்பினார்.

முதலில் பழைய கரைசல்களை ஒழிக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் மூன்று பாட்டில், முன்பு சேர்ந்த பழுப்புத் தண்ணீர் ஒரு கேன், இன்னும் கலக்காத அமிலம் அரை பாட்டில், பெராக்சைடு கொஞ்சம். கெமிக்கல் கடைக்காரரைக் கேட்டதற்கு, "சாக்கடைல ஊத்திட்டுத் தண்ணிய தொறந்து விடுங்க, இதப் போய்க் கேட்டுக்கிட்டு," என்றார். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமிலத்தை அடக்கிவிடலாம், ஆனால் அதில் கரைந்திருக்கும் செம்பு எங்கேயும் போகாது. ஆற்றில் மீனைக் கொல்லும், மண்ணில் செடியைக் கொல்லும். இந்த விஷயத்தில் லிஃப்ட்காரர் யோக்கியர்.

மொட்டை மாடிக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனார். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பெரிய பிளாஸ்டிக் வாளி. பச்சைத் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி, சலவைச் சோடாவை ஸ்பூன் ஸ்பூனாகத் தூவினார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நுரை சீறிக்கொண்டு மேலே வந்தது. அவசரப்பட்டால் வாளி தாண்டி வழியும். நுரை அடங்கும்வரை காத்திருந்து அடுத்த ஸ்பூன். நுரைப்பது நின்றதும் அமிலம் இருக்கிறதா என்று காட்டும் தாளை நனைத்துப் பார்த்தார். வாளியின் அடியில் நீலப் பச்சைச் சேறு படிந்தது. பழுப்புக் கேனையும் அதே மாதிரி அடக்கினார், அது செங்கல் நிறச் சேறானது. அகலமான தட்டுகளில் ஊற்றி, காக்கை வாய் வைக்காமல் வலை கட்டி, வெயிலில் காய வைத்தார். காய எட்டு நாள் ஆனது. ஒரு நாள் தூறல் விழுந்தபோது தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கும் மாடிக்கும் அலைந்தார்.

காய்ந்த கட்டிகளைப் பையில் கட்டி, மிச்ச அமிலத்தையும் பெராக்சைடையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் கிடங்குக்கு எடுத்துப் போனார். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வாங்குவார்கள். பதிவேட்டோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"பையில என்ன?"

"செம்பு கலந்த சேறு. காய வெச்சது."

"பெட்டில?"

"ஒண்ணுல ஆசிட், ஒண்ணுல பெராக்சைடு. தொறந்து பார்க்க வேண்டாம்."

"எதுக்குத் தொறக்கணும், உங்க சட்டைலயே வருதே," என்றாள் அந்த அம்மாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

அவர் காலரை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "என் வீட்டுக்காரியும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தா," என்றார்.

"அப்ப அவங்க சொன்னதையே கேட்டிருக்கலாமே," என்று சொல்லிக்கொண்டே அவள் பதிவேட்டைத் திருப்பினாள். "இங்க ஒரு கையெழுத்து."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் களைந்தார். அதோடு திரைச்சீலை, மேஜை விரிப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். அலமாரிப் பலகையைக் கழற்றி வெளியே போட்டார். சுவரைச் சோடாத் தண்ணீரால் கழுவினார். அடுத்து என்ன கரைசல் வாங்குவது என்ற கேள்விக்கும் வழி செய்தார். பழையபடி பழுப்புக் கரைசல்தான், அதுவும் மொட்டை மாடியில் தகரக் கொட்டகையில், மூடி போட்ட டப்பாவில். மெதுவாகத் தின்னட்டும், அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

எல்லாம் முடிந்தது. இப்போதுதான் பெரிய சிக்கல். இப்போது கைக்குழந்தையோடு இருந்த மகள் போனில் கேட்டே விட்டாள்: "வாசனை போயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"



எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வந்து, கொஞ்சம் மோந்து சொல்லுங்கள் என்றார். வாத்தியார் வாசலைத் தாண்டும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, அறை அறையாக நடந்து, "அருமையா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல," என்றார். பக்கத்து வீட்டுக்காரனைப் புண்படுத்தக் கூடாது என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு லிஃப்ட்காரரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மனைவியையே கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு யோசனை வந்தது. ஆனால் ஒருவேளை மிச்சம் இருந்துவிட்டால்? பாதி வேலையைக் காட்டி அவள் முகம் சுளிப்பதைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. முதலில் தானே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அளந்து பார்த்துவிட வேண்டும்.

அளப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். மெஷின் இருந்த மூலையில் அவள் விட்டுப்போன ஊசிப் பாக்கெட் ஒன்று கிடந்தது. தையல் ஊசிக்கு மேலே துருப்பிடிக்காமலிருக்க முலாம் பூசியிருப்பார்கள். பன்னிரண்டு ஊசிகளை எடுத்து, உப்புத்தாளால் ஒவ்வொன்றையும் தேய்த்து முலாத்தைப் போக்கினார். உள்ளே வெறும் எஃகு பளபளவென்று வந்தது. அந்த எஃகுக்கு அமில ஆவி கொஞ்சம் பட்டாலும் ஆகாது. ஓர் ஊசியை வேலையெல்லாம் நடந்த தன் பழைய கையுறைக்குள் போட்டு டப்பாவில் அடைத்தார். மறுநாள் காலையில் அது பழுப்பேறிப் போயிருந்தது. ஆக, ஊசி பேசும்.

மீதிப் பதினொன்றோடு இன்னொன்று சேர்த்து, வெள்ளைத் தாளில் தேதி எழுதி, வீடு முழுக்க வைத்தார். தையல் அறையில் நாலு, கூடத்தில் இரண்டு, சமையலறையில் இரண்டு, குளியலறைக்கு வெளியே ஒன்று, படுக்கையறை ஜன்னலில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று, பீரோவுக்குள் ஒன்று. முதல் வாரம் தையல் அறையில் இரண்டும் பீரோவில் ஒன்றும் துருப்பிடித்தன. அவற்றுக்குப் பதில் வேறு ஊசி தேய்த்து வைத்து, சுவரை மறுபடி கழுவினார். பீரோவிலிருந்த தன் வேலைச் சட்டைகள் அத்தனையையும் தூக்கிப் போட்டார், ஒரு கம்பளிச் சட்டை உட்பட. அதை அவள்தான் பின்னிக் கொடுத்திருந்தாள். போடும்போது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வாரம் ஒரே ஓர் ஊசி துருப்பிடித்தது, மேஜைக்கடியில். மேஜையையே வெளியேற்றி, அங்கேயும் புது ஊசி வைத்தார். மூன்றாம் வாரம் ஏழு நாளும் காலையில் பூதக்கண்ணாடியோடு அறை அறையாகப் போனார். பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன.

மனைவிக்கு போன் செய்தார்.  

"வாசனை போயிடுச்சு."

"மூக்கு வந்துடுச்சா?" என்று கேட்டாள். அவள் குரலில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

"மூக்கு வரல. ஊசி வெச்சுப் பார்த்தேன்." முலாம், உப்புத்தாள், கையுறை, தேதி எழுதிய தாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. "பன்னெண்டு ஊசி. ஏழு நாள். ஒண்ணுல கூட ஒரு புள்ளி இல்ல. சந்தேகத்துக்கே இடமில்ல."

"ஓ," என்றாள் அவள். பிறகு, "அண்ணன்கிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், இருமல் இல்லை. கையில் ஒரு பை. அதை வாசலுக்கு உள்ளே சுவரோரம் வைத்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள். வெறுமையாகக் கிடந்த கூடத்தைப் பார்த்து, "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

"தேவைப்படாததுதான்."

அவள் மெதுவாக நடந்தாள். அவர் இரண்டடி பின்னால் போனார். பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. தையல் அறை நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அந்த ஒரு மூச்சுக்காக அவர் ஒரு மாதத்துக்கு மேல் உழைத்திருந்தார்.

"இல்ல," என்றாள். "போயிடுச்சு."

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு உள்ளே ஏதோ அசைந்தது. இது சந்தோஷம்தான் என்று நினைத்தார். 

"மெஷின இங்கயே போட்டுக்கலாம்," என்றார். "என் மேஜை இனிமே இங்க கிடையாது. மாடிலதான் வேலை. ஜன்னல் முழுக்க உனக்குத்தான்."

அவள் ஜன்னல் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். தாளில் தேதியோடு கிடந்த ஊசியையும் பார்த்தாள்.  சமையலறைக்குப் போனாள், திரும்பினாள். படுக்கையறைக்குப் போய் பீரோவைத் திறந்து உள்ளே முகத்தை நீட்டினாள். பிறகு பீரோவை மூடிவிட்டு, அறை நடுவில் வந்து நின்றாள்.

"இங்க இன்னும் இருக்கு," என்றாள்.

அவருடைய கண் ஜன்னலுக்குப் போனது. வெள்ளைத் தாளில் ஊசி பளபளவென்று கிடந்தது. ஒரு புள்ளி இல்லை. அதிக நேரம் ஆகியிருக்காது, அரை நொடி. கண்ணைத் திருப்பியபோது அவள் பீரோவையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க," என்றாள். "இங்கயும் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. சும்மா சொன்னேன்."

"அப்புறம் ஏன்..."

"நான் சொன்னா என்னைப் பார்ப்பீங்களா, ஊசியைப் பார்ப்பீங்களான்னு பார்த்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்து மாதமும், பிரித்துத் தைத்த நாற்பது காலரும், அவர் பாட்டிலை மோந்து பார்த்து ஒன்றும் இல்லையே என்று சொன்னதும் அவருக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வலித்தது. நன்றாகவே வலித்தது. கிள்ளியது மட்டும் தெரிகிற நிலைமை போய், இப்போதுதான் வலி வந்திருந்தது. வேண்டிய நேரத்தில் வராமல் இந்த நேரம் பார்த்து வந்தது.

"தெரியாம பார்த்துட்டேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "யோசிச்சுட்டுப் பார்த்திருந்தீங்கன்னா நான் இருந்திருப்பேன்."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது, இருவரும் ஏறினார்கள். பை கனமாக இருந்தது. தொட்டபோதே தெரிந்தது, வரும்போதே அவள் ஒரு வருஷத்துக்குத் தேவையான உடுதுணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.